ரோஜாக் கிளை, பிளாஸ்டர் புனல்: செடிக்குள் நீர் ஏறுவதை அளந்த பதிவு

வேரில் ஊற்றிய நீர் உச்சி இலைக்கு எப்படிப் போகிறது என்று கேட்டால், "வேர் உறிஞ்சி மேலே அனுப்புகிறது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வேரே இல்லாத ரோஜாக் கிளை ஒன்றை மெல்லிய குழாயில் பொருத்தி, அந்தக் குழாயில் நீர் நகர்வதைப் பத்து நிமிடம் பார்த்தால் அந்தப் பதில் போதாது என்று தெரிந்துவிடும். பாடநூல்களில் பொட்டோமீட்டர் என்று படம் போட்டிருக்கும் கருவிதான் இது. ஆய்வகங்களில் கண்ணாடியில் செய்தது இருக்கும். வீட்டில் செய்துகொள்ள அவ்வளவு தேவையில்லை. நான் செய்த விதத்தையும், அதை வைத்துப் பார்த்தவற்றையும், கிளைக்குப் பதிலாக உயிரற்ற பிளாஸ்டரைப் பொருத்தியபோது தெரிய வந்ததையும் இங்கே எழுதுகிறேன். பிளாஸ்டர் பகுதிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அவசரமாகப் படிப்பவர்கள் நேரே அங்கே போய்விடலாம்.

கருவி

அளக்கும் குழாயாக நான் எடுத்தது முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் இழை செல்லப் பயன்படும் டெஃப்லான் குழாய். வெளிவிட்டம் 4 மி.மீ., உள்விட்டம் 2 மி.மீ. நீர் டெஃப்லானில் ஒட்டாது. அதனால் நீரின் முனை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் சீராக நகரும். குழாய் கொஞ்சம் பால் நிறமாக இருக்கும் என்பதால் நீரில் சில சொட்டு உணவு நிறமி கலந்துகொண்டேன். அந்த நிறம் கடைசியில் இன்னொரு விதத்திலும் உதவியது.

கிளையைப் பிடிக்க மீன்தொட்டிக்குக் காற்று செலுத்தும் சிலிகான் ட்யூப். உள்விட்டம் 4 மி.மீ. என்றாலும் நன்றாக இழுபடும். ஐந்து, ஐந்தரை மி.மீ. தடிமனுள்ள கிளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, நோயாளிகளுக்குச் சொட்டு நீர் ஏற்றும்போது பயன்படும் த்ரீ-வே திருகு. அதன் ஒரு வாயில் கிளை, ஒரு வாயில் அளவுக்குழாய், மூன்றாவது வாயில் 5 மி.லி. சிரிஞ்சு. நீர்முனை குழாயின் உள்முனைக்கு வந்துவிட்டால் திருகைத் திருப்பிச் சிரிஞ்சை மெல்ல அழுத்தினால் போதும், நீர்முனை மறுபடி குழாயின் வெளிமுனைக்கு வந்து நிற்கும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்றி நீர் நிரப்ப வேண்டும்.

உள்விட்டம் 2 மி.மீ. என்று பொட்டலத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பவில்லை. 1 மி.லி. சிரிஞ்சால் 0.1 மி.லி. நீரைக் குழாய்க்குள் செலுத்தி, எத்தனை மி.மீ. நீளம் வருகிறது என்று அளந்தேன். ஏறத்தாழ 32 மி.மீ. வந்தது. கணக்குப்படியும் அதுவே வர வேண்டும்: 2 மி.மீ. துளையின் குறுக்குப் பரப்பு 3.14 சதுர மி.மீ.; அதனால் 1 மி.மீ. நகர்வு என்பது 3.14 கன மி.மீ. நீர். அடியில் ஓர் அளவுகோலை ஒட்டிவிட்டால் கருவி முடிந்தது.

நீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். குழாய் நீரில் கரைந்திருக்கும் காற்று, அறை சூடேறும்போது சிறு குமிழ்களாகப் பிரியும். குமிழ் ஒன்று உள்ளே இருந்தால் கை பட்ட சூட்டுக்கே அது விரிந்து நீர்முனையைத் தள்ளும். செடி செய்யாத வேலையைச் செடி செய்ததாகக் குறித்துக்கொள்வோம்.

கசிவுச் சோதனையும் அவசியம். கிளைக்குப் பதில் அதே தடிமனுள்ள வழவழப்பான உலோகக் கம்பியை சிலிகான் ட்யூபில் செருகி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டேன். நீர்முனை அசையாமல் நின்றால் இணைப்புகள் சரி. அசைந்தால் எந்த இணைப்பு என்று கண்டுபிடித்த பிறகே செடிக்குப் போக வேண்டும். ரோஜாவில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. முள்ளை ஒடித்த இடத்தில் பட்டை சிறிது கிழிந்து, அதன் வழியாகக் காற்று நுழையும். முள் இல்லாத கணுவிடைப் பகுதியாகப் பார்த்து ட்யூபுக்குள் வைப்பதும், ட்யூபின் விளிம்பைச் சுற்றி வெளியே பெட்ரோலியம் ஜெல்லி பூசுவதும் இதைத் தீர்த்தன. வெட்டுமுகத்தில் மட்டும் ஜெல்லி படவே கூடாது. நீர் நுழையும் வாயே அதுதான்.

நீருக்கடியில் வெட்டுவது

கிளையைச் செடியிலிருந்து வெட்டியவுடன் வாளி நீரில் அடிப்பகுதியை முக்கி, நீருக்குள்ளேயே மறுபடி ஐந்து சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்ட வேண்டும். பிறகு நீருக்குள் வைத்தே ட்யூபில் செருக வேண்டும். இலைகள் நனையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நனைந்தால் உலரும்வரை அளவு குறைவாகவே காட்டும்.

இவ்வளவு கவனம் ஏன் என்பதைத் தனியாகச் சோதித்துப் பார்த்தேன். ஒரே செடியில் இருந்து ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு கிளைகள். ஒன்று நீருக்குள் வெட்டியது. மற்றது காற்றில் வெட்டிச் சற்று நேரம் மேசையில் கிடந்தது. இரண்டாவது கிளை முதல் கிளையின் வேகத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. நுனி இலைகள் தொங்கத் தொடங்கின. அதே கிளையை நீருக்கடியில் இன்னும் மேலே வெட்டிப் பொருத்தியதும் வேகம் ஏறியது, இலைகளும் மெல்ல நிமிர்ந்தன.

உயிருள்ள கிளையில் நீரை மேலே கொண்டுசெல்லும் குழாய்த் திசுவான சைலத்தில் இருக்கும் நீர் சும்மா நிற்கவில்லை, இழுபட்ட நிலையில் இருக்கிறது. வெட்டிய கணத்தில் அந்த இழுவிசை விடுபட்டு, நீர் வெட்டுமுகத்திலிருந்து உள்வாங்கிக்கொள்கிறது. பின்னாலேயே காற்று நுழைகிறது. நுழைந்த காற்று, திறந்துவிட்ட சைலக் குழாய்களின் முடிவு வரைதான் போகும். ஒரு குழாய்க்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள குழிச் சவ்வுகள் நீரை விடும், காற்றைத் தடுக்கும். அதனால்தான் சில சென்டிமீட்டர் மேலே வெட்டினால் புதிய வழி கிடைக்கிறது. பூச்சாடியில் வைத்த ரோஜா மறுநாளே தலை தொங்குவதற்கும் பல நேரம் காரணம் இதுதான். சாடியில் நீர் நிறைய இருக்கும், வழி அடைபட்டிருக்கும். காம்பை நீருக்குள் பிடித்து மறுபடி வெட்டி வையுங்கள்.

பால் வடியும் செடிகளான அரளி, நந்தியாவட்டை போன்றவை இந்தக் கருவிக்கு ஏற்றவையல்ல. வெட்டுமுகத்தில் பால் உறைந்து அடைத்துக்கொள்கிறது.

முதல் அளவுகள்

கிளையைப் பொருத்திய உடனே கிடைக்கும் எண்களை எழுதவே வேண்டாம். வெட்டிய அதிர்ச்சியில் நீர் உள்ளே போவது தாறுமாறாக இருக்கும். அரை மணி நேரம் விட்டால் நிதானப்படும். என் கிளையில் இலைப்பரப்பு ஏறத்தாழ 160 சதுர செ.மீ.; ஒவ்வொரு சிற்றிலையையும் கட்டத்தாளில் வரைந்து எண்ணிய கணக்கு. நேர்வெயில் படாத, வெளிச்சமான சன்னலோரத்தில் நீர்முனை நிமிடத்துக்கு 5 மி.மீ. அளவில் கிளையை நோக்கி நகர்ந்தது. மின்விசிறியை மெல்ல ஓடவிட்டால் எட்டு வரை போனது. கிளை முழுவதையும் பாலித்தீன் உறையால் மூடினால், உள்ளே ஈரம் தேங்கத் தேங்க வேகம் இறங்கி ஒன்றிரண்டில் நின்றது. இருட்டான அலமாரிக்குள் வைத்தபோதும் சற்று நேரத்தில் ஒன்றுக்கு வந்தது. கடைசியாக எல்லா இலைகளையும் கிள்ளி, கிள்ளிய இடங்களில் ஜெல்லி பூசிவிட்டுப் பார்த்தால் நீர்முனை அநேகமாக நின்றேவிட்டது.

வேர் இல்லை. தண்டு அப்படியே இருக்கிறது. இலை போனதும் ஓட்டம் நின்றது. இந்த ஒரு மாற்றத்தைக் கண்ணால் பார்ப்பதற்காகவே கருவியைச் செய்யலாம் என்பேன்.

இந்தக் கருவி அளப்பது கிளை உள்ளே எடுக்கும் நீரை. வெளியே விடும் நீரை அல்ல. இரண்டும் ஒன்றா என்று பார்க்க, எல்லாவற்றையும் ஒரு சிறு பலகையில் கட்டி, 0.01 கிராம் காட்டும் தராசில் வைத்தேன். அரை மணியில் நீர்முனை 150 மி.மீ. நகர்ந்தது, அதாவது 0.47 மி.லி. தராசிலும் கிட்டத்தட்ட அதே எடை குறைந்தது. குடித்த நீர் ஏறக்குறைய முழுவதும் ஆவியாகப் போய்விட்டது. வேருள்ள செடிகளிலும் நிலைமை இதுவே. உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படித்தான் வெளியேறுகிறது. ஒளிச்சேர்க்கைக்கும் வளர்ச்சிக்கும் நிற்பது மிகச் சிறிய பங்கு. வாடிய கிளை தேறும்போது மட்டும் இரண்டு எண்களும் பிரிந்தன. உள்ளே போனது கூடுதல், வெளியே வந்தது குறைவு. இடையிலுள்ள நீர் செல்களை மறுபடி விறைக்க வைக்கப் போகிறது.

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறை வெப்பத்தில் 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,450 ஜூல் வெப்பம் வேண்டும். அரை மணியில் என் சிறு கிளை ஆயிரம் ஜூலுக்கு மேல் இலைகளிலிருந்து எடுத்து வெளியேற்றியிருக்கிறது. வெயிலில் நிற்கும் இலை தொட்டால் கல்லைப்போலச் சுடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செடியின் நீர்ச்செலவை எடை போட்டு அளக்கும் வழியை நெடுங்காலத்துக்கு முன்பே காட்டியவர் ஆங்கிலேய ஆய்வாளர் ஸ்டீபன் ஹேல்ஸ். தொட்டியில் வளர்ந்த சூரியகாந்தியின் மண்ணை மெல்லிய ஈயத்தகட்டால் மூடி, மண்ணிலிருந்து நீர் ஆவியாகாமல் தடுத்து, காலையும் மாலையும் தொட்டியை நிறுத்தார். முடிவுகளை 1727-இல் வெளியிட்டார். மூன்றரை அடி உயரமுள்ள அந்தச் செடி பகலின் 12 மணி நேரத்தில் சராசரியாக 20 அவுன்ஸ் நீரை வெளியேற்றியது. அதாவது அரை கிலோவுக்கும் மேல்.

பிளாஸ்டர் புனல்

இலைதான் இழுக்கிறது என்றால், அந்த இழுவை உயிரின் வேலையா? இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. இலையின் இடத்தில் உயிரே இல்லாத ஒன்றை வைத்துப் பார்ப்பது.

10 செ.மீ. வாய் அகலமுள்ள பிளாஸ்டிக் புனல் ஒன்றில், கழுத்துவரை நிறையும்படி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து ஊற்றினேன். இறுகும்போது பிளாஸ்டர் சிறிதே விரியும் என்பதால் புனலின் சுவரை நன்றாகப் பற்றிக்கொள்கிறது. ஆனாலும் விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தால் காற்று இறங்கிவிடும். விளிம்பைச் சுற்றி நகச்சாயம் இரண்டு பூச்சு கொடுத்தேன். நன்றாக இறுகிய பிறகு, கொதித்து ஆறிய நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, கழுத்துப் பக்கம் சிரிஞ்சை மாட்டி நீரைப் பிளாஸ்டர் வழியாகப் பலமுறை இழுத்தேன். துளைகளில் தங்கியிருக்கும் காற்று இப்படித்தான் வெளியேறும். குமிழ் வருவது நின்றதும், கிளை இருந்த இடத்தில் அந்தப் புனலின் கழுத்தைப் பொருத்தினேன். பிளாஸ்டர் முகம் மேல்நோக்கிக் காற்றில் திறந்திருந்தது.

நீர்முனை நகரத் தொடங்கியது. கிளையின் வேகத்துக்கு மிக அருகில், நிமிடத்துக்கு ஆறேழு மி.மீ. விசிறியைப் போட்டால் கூடியது. பாலித்தீன் உறை போட்டால் இறங்கியது. வெறும் பிளாஸ்டர்! பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி அது.

அடுத்து இருட்டான அலமாரி. கிளை அதற்குள் சற்று நேரத்தில் அடங்கிப் போயிருந்தது. பிளாஸ்டருக்கு இருட்டும் வெளிச்சமும் ஒன்றுதான். அதன் வேகம் அப்படியே இருந்தது. நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. நீரை மேலே இழுப்பது காற்றின் வறட்சி. அதற்குச் செடி தன் ஆற்றலைச் செலவழிப்பதில்லை. அந்த இழுப்பை எப்போது விடுவது, எப்போது அடைப்பது என்பதில்தான் உயிர் வேலை செய்கிறது.

ஈரமான நுண்துளையில் நீரின் மேற்பரப்பு உள்நோக்கி வளைந்து நிற்கும். நீர் ஆவியாக ஆக அந்த வளைவு கூடி, பின்னாலுள்ள நீரை இழுக்கும். துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு பெரிய இழுவையை அது தாங்கும், காற்று உள்ளே நுழையாது. பிளாஸ்டரின் துளைகள் மைக்ரோமீட்டர் அளவு. இலைச் செல்லின் சுவரில் செல்லுலோஸ் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் சுமார் 10 நானோமீட்டர். அவ்வளவு நுண்ணிய துளையில் நிற்கும் நீர், கணக்குப்படி 200 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலான இழுவையைத் தாங்கும். உலகின் மிக உயரமான மரம், கலிஃபோர்னியாவில் நிற்கும் ஹைபீரியன் என்ற ரெட்வுட் மரம், 115 மீட்டருக்கு மேல் உயரமுள்ளது. புவியீர்ப்பை மட்டும் வெல்ல அதற்கு 11, 12 வளிமண்டல அழுத்தம் போதும். வழியில் உராய்வுக்கும் சேர்த்து இரட்டிப்பாக வைத்துக்கொண்டாலும் இலைச் சுவருக்கு அது எளிது.

புனலை மாடிப்படியின் மேலே வைத்து, மூன்று மீட்டர் கீழே தரையில் இருக்கும் கிண்ணத்திலிருந்து நீர் இழுக்கவும் செய்தேன். இழுத்தது. ஆனால் இதை வைத்து அதிகம் சொல்லக் கூடாது. கிட்டத்தட்ட 10.3 மீட்டர் வரை நீர்த்தூணைக் காற்றின் அழுத்தமே கீழிருந்து தாங்கிவிடும். அதைத் தாண்டி நீர் உண்மையிலேயே இழுபட்டு நிற்கிறது என்று காட்டப் பாதரசம் வேண்டும். 1890-களில் அஸ்கெனாசி என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதே பிளாஸ்டர் புனலைக்கொண்டு பாதரசத்தை, காற்றின் அழுத்தம் தாங்கும் உயரத்தையும் கடந்து ஏற்றிக் காட்டினார். பாதரசம் நஞ்சு, வீட்டில் தொட வேண்டாம்.

நீர் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும் கூட்டிணைவு விசையால்தான் இழுபட்ட நீர்த்தூண் அறாமல் நிற்கிறது என்று 1894-இல் டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜாலியும் முன்வைத்தார்கள். இதற்கு மாறான கருத்தைச் சொன்னவர்களில் ஜகதீஷ் சந்திர போஸும் ஒருவர். தண்டின் புறணியின் உட்பக்கத்துச் செல்கள் துடித்துத் துடித்து நீரை மேலேற்றுகின்றன என்று 1923-இல் எழுதினார். செடிக்கும் துடிப்பு உண்டு என்று நம்பி, அதைக் கருவிகளால் பிடிக்க முயன்ற அவருடைய உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் சாறேற்றத்தில் சான்று அவர் பக்கம் இல்லை. அதற்கு முப்பது ஆண்டு முன்பே தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர், வெட்டிய மரங்களை நஞ்சுக் கரைசல்களில் நிறுத்தி, தண்டின் செல்கள் இறந்த பிறகும் நீர் மேலே போவதைப் பார்த்திருந்தார். என் பிளாஸ்டர் புனலும் அதையே சிறிய அளவில் சொல்கிறது.

வேரழுத்தம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. ஈரமான மண்ணும் ஈரமான காற்றும் உள்ள இரவுகளில், வேர் செல்கள் உப்புகளைச் சைலத்துக்குள் ஏற்ற, சவ்வூடு பரவலால் நீர் பின்தொடர்ந்து, விடியலில் புல்நுனியிலும் தக்காளி இலை விளிம்பிலும் துளித்துளியாக வடிந்து நிற்கும். பலர் பனித்துளி என்று நினைப்பதில் ஒரு பகுதி இது. ஆனால் அந்த அழுத்தம் ஒன்றிரண்டு வளிமண்டலத்தைத் தாண்டுவது அரிது. பகல் வெயிலில் மரத்துக்குத் தேவையான அளவுக்கு அது போதாது.

கிளையைக் கழற்றியபோது தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். நீரில் கலந்திருந்த நிறமி, பட்டைக்கு உள்ளே ஒரு வளையமாகப் புள்ளி வைத்திருந்தது. அதற்கு வெளியே இருக்கும், உணவைக் கடத்தும் ஃபுளோயத்திலும், பித் எனப்படும் நடுவிலுள்ள வெண்மையான திசுவிலும் நிறம் இல்லை. பொருத்தும்போது காற்று நுழைந்த கிளையில் அதே வளையம் பாதிதான் நிறம் பிடித்திருந்தது; எந்தக் குழாய்கள் வேலை செய்யவில்லை என்பதைத் தண்டே எழுதிக் காட்டிவிட்டது.

துளைகளைத் தேடி

இருட்டில் கிளை எதை அடைத்தது? பெட்ரோலியம் ஜெல்லியை முதலில் எல்லா இலைகளின் மேற்பரப்பிலும் மெல்லியதாகப் பூசினேன். வேகத்தில் பெரிய மாற்றம் இல்லை. பிறகு அடிப்பரப்பிலும் பூசினேன். நீர்முனை அநேகமாக நின்றது. ரோஜா இலையின் துளைகள் அடிப்பக்கத்தில் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். இருந்தாலும் கண்ணால் பார்க்க, நிறமற்ற நகச்சாயத்தை இலையின் இரு பக்கமும் பூசி, உலர்ந்ததும் ஒட்டும் நாடாவால் உரித்து நுண்ணோக்கியில் வைத்தேன். மேற்பக்கத்தில் வளைந்து நெளிந்து பொருந்திய புறத்தோல் செல்கள் மட்டும். அடிப்பக்கத்தில் எங்கு நகர்த்தினாலும் இரட்டை உதடு போன்ற இலைத்துளைகள்.

துளை மூடுவதை நேரில் பார்க்க ரோஜாவைவிட ரியோ என்ற அழகுச் செடி மிக ஏற்றது. இலையின் அடிப்புறம் ஊதா. லேசாக மடித்து உரித்தால் ஒரே அடுக்குத் தோல் கண்ணாடிபோல வந்துவிடும். ஊதாச் செல்களுக்கு நடுவே, துளையைத் திறந்து மூடும் பச்சையான காப்பு செல்கள் இணை இணையாகத் தெரியும். காலை வெளிச்சத்தில் இருந்த இலையை நீர்த்துளியில் வைத்தால் துளைகள் திறந்திருக்கும். 100 மி.லி. நீருக்கு 5 கிராம் வீதம் உப்பு கரைத்த நீரை மூடித்தகட்டின் ஒரு ஓரத்தில் சொட்டுவிட்டு, எதிர் ஓரத்தில் மைஒற்றுத் தாளால் உறிஞ்சுங்கள். கண்முன்னே காப்பு செல்கள் தளர்ந்து துளை மூடும். சற்று நேரத்தில் சுற்றியுள்ள செல்களின் ஊதாச் சாறு சுவரைவிட்டு விலகிச் சுருண்டு நடுவில் ஒதுங்கும். உடனே நல்ல நீரைச் செலுத்தினால் பல செல்கள் மறுபடி நிரம்புகின்றன. நெடுநேரம் உப்பில் விட்டால் திரும்புவதில்லை.

காப்பு செல் தடித்த உட்சுவரும் மெல்லிய வெளிச்சுவரும் கொண்டது. சுற்றிலும் செல்லுலோஸ் இழைகள் வளையமாகக் கட்டியிருக்கின்றன. பொட்டாசியம் அயனிகள் உள்ளே வர, நீர் பின்தொடர, செல் விறைத்து வெளிப்புறம் வளைகிறது. நடுவே துளை விரிகிறது. நீல ஒளி இதைத் தூண்டுகிறது. மண் வறண்டால் செடிக்குள் கூடும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பொட்டாசியத்தை வெளியேற்ற வைத்துத் துளையை மூடுகிறது. இந்த அயனிகளைக் கடத்தத்தான் செடி ஆற்றலைச் செலவழிக்கிறது.

மூடி வைத்தே இருந்தால் நீர் மிச்சமாகுமே என்று தோன்றும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெறும் 0.04 சதவீதம். இலைக்குள்ளோ காற்று ஏறக்குறைய முழு ஈரம் கொண்டது. அந்தச் சிறிதளவு கார்பனுக்காகத் துளையைத் திறந்தால், ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடுகின்றன. ரோஜாவும் பெரும்பாலான செடிகளும் இந்த விலையைப் பகல் முழுவதும் கொடுக்கின்றன. நீர் போதாதபோது தூண் அறுந்து சைலத்தில் காற்று புகும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. தூண் அறும் அந்தச் சிறு வெடிப்புகளை 1966-இல் ஆமணக்கு இலைக் காம்பில் கருவி பொருத்திக் கேட்டிருக்கிறார்கள்.

இரவில் திறக்கும் செடி

கடைசிச் சோதனைக்குக் கருவியே தேவைப்படவில்லை. ஹேல்ஸின் வழிக்குத் திரும்பினேன். ஒரு தொட்டியில் காசித்தும்பை, ஒன்றில் முதிர்ந்த இலைகள் கொண்ட ரணகள்ளி. ஈயத்தகட்டுக்குப் பதில் தொட்டியையும் மண்ணையும் பாலித்தீனால் சுற்றித் தண்டின் அடியில் கட்டினேன். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நிறுத்தேன். காசித்தும்பை எடை இழந்தது பெரும்பாலும் பகலில். ரணகள்ளி மொத்தத்தில் மிகக் குறைவாகவே இழந்தது, அதிலும் பெரும்பகுதி இரவில். வறண்ட பகலில் துளையை மூடிவைத்து, காற்று குளிர்ந்து ஈரம் கூடிய இரவில் திறக்கும் செடி அது. இரவில் வாங்கிய கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்லின் நுண்குமிழில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பகலில் வெளிச்சம் வந்ததும் அதைப் பிரித்து, துளைகள் மூடியிருக்கும்போதே சர்க்கரை செய்கிறது. இந்தச் செடியின் இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் புளிப்பு போய்விடுவதையும், இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் சுவைத்துப் பார்த்து எழுதியது 1815-இல் அச்சானது.

சுவைக்க வேண்டாம். ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப் பொருள்கள் உண்டு. புளிப்பை அளக்கும் பி.எச். தாள் போதும்; எண் குறைந்தால் புளிப்பு கூடுதல். விடியலில் பறித்த இலையை நசுக்கித் தாளில் தொட்டால் 4-ஐ ஒட்டிக் காட்டியது. அதே செடியின் இன்னொரு இலை மாலையில் 5-ஐத் தாண்டியது. மூன்றாவது இலையை மட்டும் காலையிலேயே, செடியில் இருக்கும்போதே அலுமினியத் தகட்டால் இறுகச் சுற்றி வைத்திருந்தேன். மாலையில் பிரித்து நசுக்கியபோது அதன் சாறு விடியல் இலையின் நிறத்துக்கு அருகிலேயே நின்றது. வெளிச்சம் படாத அந்த ஓர் இலையில் இரவுச் சேமிப்பு பெருமளவு செலவாகாமல் இருந்தது.